மூச்சு எடுக்கும் இடம்

புல்லாங்குழல் வாசிக்கும் பெண்ணுக்குத் தகப்பனாக இருப்பதில் சில சௌகரியங்கள் உண்டு. வீணையைப் போல அது வீட்டில் இடத்தை அடைப்பதில்லை. மிருதங்கத்தைப் போல மேல்வீட்டுக்காரரைப் படியிறங்க வைப்பதில்லை. ரயிலில் மேல் பர்த்தில் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கிவிடலாம். அசௌகரியம் உறவினர்களால்தான். அரக்கோணத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் வருபவர்கள் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுவார்கள். "பாட்டே சொல்லிக் கொடுத்திருக்கலாமே?" என்பது முதலாவது. "இதுல என்ன வரும்?" என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு என் மகளே பதில் சொல்லிவிடுவாள். இரண்டாவதற்கு நான் பதினேழு வருடங்களாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்தவன். கணக்கு போடுவது எனக்குப் புதிதல்ல.

நாங்கள் செகந்திராபாத் தமிழர்கள். 1806-இல் கண்டோன்மென்டாகத் தொடங்கிய ஊர் இது. மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரைத் தாங்கியது. மதராஸ் படையோடு வந்த தமிழர்களும், அந்தப் படைக்குச் சாமான் சப்ளை செய்ய வந்தவர்களும், பிறகு ரயில் வேலைக்கு வந்தவர்களும் இங்கேயே தங்கிவிட்டார்கள். அசோகமித்திரன் வளர்ந்த ஊர் என்றால் வாசகர்களுக்குச் சட்டென்று புரியும். என் தாத்தா லாலாகூடா ரயில் பட்டறைக்கு வந்தார். அப்பாவும் ரயில்வே, நானும் ரயில்வே. பத்மராவ் நகரில், ஸ்கந்தகிரி முருகன் கோயில் மணி காதில் விழும் தூரத்தில் வீடு. வீட்டுக்குள் தமிழ், சந்துக்குள் தெலுங்கு, மோண்டா மார்க்கெட்டில் பேரம் பேச தக்கணி உருது. இந்த மூன்று மொழி வாழ்க்கை ஒரு குழல்காரிக்கு எவ்வளவு பெரிய சொத்து என்பது அவள் வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

ஏழு வயதில், கோயிலில் ஒரு கச்சேரி கேட்டுவிட்டு வந்து, "அதுதான் வேணும்" என்றாள். மாரேட்பள்ளியில் ரேடியோவிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு குழல் வித்வான் இருந்தார். கூட்டிக்கொண்டு போனோம். அவர் குழலைக் கையில் கொடுக்கவே இல்லை. ஒரு வருடம் பாட வைத்தார். "குழலுக்கு வாய் கிடையாது சார். இவ வாய்தான் அதுக்கு வாய். முதல்ல இதைச் சரி பண்ணிக்கலாம்" என்றார். உறவினர்களின் முதல் கேள்விக்கு என் மகள் சொல்லும் பதில் இதுதான்: "பாட்டும் கத்துக்கிட்டேன் மாமா. அது இல்லாம இது இல்லை."

பிறகு குழல் வந்தது. மூன்று வாரம் வெறும் காற்றுதான். நாகஸ்வரத்துக்கும் கிளாரினெட்டுக்கும் சீவாளி உண்டு. காற்றைத் தடுத்து நிறுத்தி நாதமாக மாற்றித் தரும். குழலில் அப்படி எதுவும் இல்லை. உதட்டிலிருந்து கிளம்பும் காற்று துளையின் விளிம்பில் மோதிப் பிளக்க வேண்டும். பாதி உள்ளே போகும். மீதி வீணாக வெளியே போகும். மூச்சை அதிகம் செலவு செய்யும் வாத்தியம் இது. கணக்குப் பிரிவுக்காரனுக்குப் பிடிக்காத வாத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நமது கர்நாடகக் குழலில் ஊதுகிற துளை போக எட்டுத் துளைகள். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தால் இயல்பாக வருவது ஹரிகாம்போதி. பாட்டு கற்பவர்கள் மாயாமாளவகௌளையில் தொடங்க, குழல் கற்பவர்களைப் பல ஆசிரியர்கள் ஹரிகாம்போதியில் தொடங்கவைப்பது இதனால்தான். மாயாமாளவகௌளை வேண்டுமென்றால் துளையைப் பாதி திறக்க வேண்டும். பாதி என்றால் எவ்வளவு என்று எந்த அளவுகோலும் சொல்லாது. கேட்டுக் கேட்டு விரல் கற்றுக்கொள்ள வேண்டும். இதற்கு மேல் செகந்திராபாத்தின் சீதோஷ்ணம். ஏப்ரல், மே மாதங்களில் காற்று உலர்ந்து மூங்கில் வெடிக்கும். எண்ணெய் தடவி, நூல் சுற்றி வைப்போம். ஏ.சி. மண்டபத்தில் குழல் குளிர்ந்தால் சுருதி இறங்கும். வாசிக்க வாசிக்கச் சூடேறினால் ஏறும். தம்புராவைப் போல முறுக்கிச் சரிசெய்ய வழியில்லை. உதட்டின் கோணத்தால் ஈடுகட்ட வேண்டியதுதான். ஒரு கட்டைக்கு ஒரு குழல். ஆகவே பையில் எப்போதும் ஆறேழு.

இதெல்லாம் எந்த ஊரிலும் உள்ளதுதான். செகந்திராபாத் கற்றுக்கொடுத்தது வேறு.

பக்கத்து வீட்டில் ஒரு தெலுங்குப் பாட்டி. பேரக்குழந்தைகள் கூப்பிடுவதைக் கேட்டு எங்களுக்கும் அவர் அம்மம்மாதான். சங்கீதம் படித்தவர் இல்லை. கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து கோங்கூரா கீரை ஆய்ந்துகொண்டே என் மகளின் சாதகத்தைக் கேட்பார். பன்னிரண்டு வயதில் அவள் 'எந்தரோ மகானுபாவுலு' வாசித்துக்கொண்டிருந்த ஒரு நாள், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "மாட்ட விரிகிபோயிந்தி, பாப்பா." சொல் உடைந்துபோய்விட்டது.

என்ன உடைந்தது? ஸ்ரீராகம் சரி, தாளம் சரி. 'மகானு' என்பதற்கும் 'பாவுலு' என்பதற்கும் நடுவில் அவள் மூச்சு எடுத்துவிட்டாள். பாடுகிறவருக்கு வார்த்தையே வேலி. அது முடியும்வரை மூச்சு எடுக்க மனம் வராது. குழலில் வார்த்தை இல்லை. ஆகவே எங்கே வேண்டுமானாலும் மூச்சு எடுக்கலாம் என்று தோன்றும். நுரையீரல் காலியான இடத்தில் எடுத்துக்கொள்வோம். எங்களைப் போன்ற தமிழர்கள் அதைக் கவனிக்கவும் மாட்டோம். தியாகராஜரின் தெலுங்கு நமக்கு நாதம். அம்மம்மாவுக்கு அது பேச்சு. கறிகாய்க்காரரோடு தினமும் பேசுகிற மொழி. பேச்சு நடுவில் அறுந்தால் அவருக்குக் காது வலிக்கிறது.

மாரேட்பள்ளி வித்வானிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "டி. விஸ்வநாதன் கச்சேரி கேட்டிருக்கீங்களா சார்?" என்றார். தனம்மாள் வீட்டுப் பேரன், பாலசரஸ்வதியின் தம்பி, அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கற்பித்தவர், 2002-இல் மறைந்தார். கச்சேரியில் குழலை இறக்கி வைத்துவிட்டு அதே வரியை வாயால் பாடுவார். பிறகு குழலில் எடுப்பார். தான் வாசிப்பது வெறும் ஸ்வரமல்ல, சொல் என்று சபைக்குக் காட்டுவதுபோல இருக்கும். "அவர் பாட்டில காட்டினதை உங்க பக்கத்து வீட்டு அம்மா கீரை ஆயறப்ப காட்டிட்டாங்க" என்றார் வித்வான்.

திருவையாறு ஆராதனையில் பஞ்சரத்னக் கோஷ்டி தொடங்கும்முன் குழல் வித்வான்கள் சேர்ந்து 'சேதுலாரா' வாசிப்பது வழக்கம். பைரவி ராகம். அந்தச் சில நிமிடங்கள் காவேரிக்கரையில் பாட்டு இல்லை. வார்த்தை இல்லாமலே தியாகராஜர் கேட்கிறார். தொலைக்காட்சியில் அதைக் காட்டும்போதெல்லாம் என் மகள் குழல்களைப் பார்க்க மாட்டாள். வாசிப்பவர்களின் தோள்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். தோள் ஏறும் இடம்தான் மூச்சு எடுக்கும் இடம்.

குழலின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று விளங்கியது. சம்பிரதாயம் என்று இன்று நாம் கும்பிடுகிற ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் துணிந்து செய்த புது முயற்சிதான். வாத்தியம் என்னவோ பழையது. சிலப்பதிகார உரையிலேயே குழல் செய்ய மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்று பட்டியல் இருக்கிறது. ஆனால் அதைத் தனிக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுபவர் கும்பகோணம் சரப சாஸ்திரி. பார்வையற்றவர், 1904-இல் முப்பத்திரண்டு வயதில் இறந்தார். அவர் வழியில் பல்லடம் சஞ்சீவ ராவ். பிறகு மாலி. திருவிடைமருதூரில் 1926-இல் பிறந்து ஏழு வயதில் மேடையேறிய டி.ஆர். மகாலிங்கம் குழலையும் விரல் பிடியையும் மாற்றினார். அதுவரை ஸ்வரங்களாகக் கேட்டது அவரிடம் கமகத்தோடு குரலாகக் கேட்டது. அவருடைய சீடர் என். ரமணி நீளக் குழலைக் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்து அதன் கீழ்க்குரலை நமக்குப் பழக்கினார். பெண்களுக்குக் குழல் ஏன் என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. சிக்கில் குஞ்சுமணியும் நீலாவும் வாழ்நாள் முழுக்க வாசித்து அதற்குப் பதில் சொன்னார்கள். 2002-இல் அவர்களுக்குச் சங்கீத கலாநிதி கிடைத்தது. எங்கள் ஹைதராபாத்திலேயே ரமணியிடம் பயின்ற ஜெயப்ரதா ராமமூர்த்தி இருக்கிறார். 1990-இல் பன்னிரண்டு வயதில் மியூசிக் அகாடமியின் மூத்த வித்வான்கள் வாசிக்கும் நேரத்தில் வாசித்த சஷாங்க், பின்னால் கித்தார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினோடும் வாசித்தார்.

காத்ரி கோபால்நாத்தைச் சேர்க்காவிட்டால் இந்தக் கணக்கு முழுமை பெறாது. நாகஸ்வரக்காரரின் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸஃபோனைக் கண்டு மயங்கினார். சாவியை அழுத்தினால் ஒரு ஸ்வரம், விட்டால் இன்னொன்று என்கிற மேல்நாட்டு வாத்தியத்தில் கமகம் எப்படி வரும்? வருடக்கணக்கில் உழைத்து, வாத்தியத்தையே மாற்றியமைத்து வரவழைத்தார். 1994-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி. ப்ராம்ஸ் விழாவில் வாசித்தார். அதே ஆண்டு 'டூயட்' படத்தின் மூலம் தமிழ்நாட்டில் டீக்கடை வரை போய்ச் சேர்ந்தார். 2019-இல் மறைந்தார்.

ஆகவே, "இந்தக் காலத்துப் பிள்ளைகள் சம்பிரதாயத்தைக் கெடுக்கிறார்கள்" என்று யாராவது சொன்னால் நான் தலையாட்டுவதில்லை. ஆனால் புதுமை என்பதற்காகவே தலையாட்டுவதும் இல்லை. அதற்கும் என் மகள்தான் காரணம்.

பதினைந்து வயதில் மாரேட்பள்ளி வித்வானே அவளைச் சென்னைக்கு அனுப்பினார், ரமணியின் சிஷ்ய பரம்பரையில் வந்த ஒருவரிடம். சார்மினார் எக்ஸ்பிரஸில் சாயங்காலம் ஏறினால் காலையில் சென்னை. இரண்டு நாள் பாடம். திரும்பி வந்தால் திங்கட்கிழமை காலேஜ். 2020-இல் ரயில்கள் நின்றபோது பாடம் போனுக்கு வந்தது. சேர்ந்து வாசிக்க முடியாது. இவள் வாசிப்பது அங்கே ஒரு கணம் கழித்துத்தான் கேட்கும். ஆனால் போனின் மைக் மூச்சை மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். நேரில் ஐந்தடி தள்ளி உட்காரும்போது தப்பித்த மூச்செல்லாம் இப்போது குருவின் காதுக்குள்ளேயே விழுந்தது. அந்த இரண்டு வருடங்களில் அவள் வேறெதையும்விட அதிகமாகக் கற்றுக்கொண்டது மூச்சைத்தான்.

காலேஜ் முடிக்கும் வருடம் நண்பர்களோடு ஒரு குழு அமைத்தாள். கீபோர்டு, டிரம்ஸ், பேஸ் கித்தார், நடுவில் குழல். ஹம்ஸத்வனி பிரமாதமாக இருந்தது. மாணவர்கள் எழுந்து ஆடினார்கள். எனக்கும் பிடித்தது. கையில் பணமும் வந்தது. எனக்கு அது இன்னும் பிடித்தது. நான்கு நிகழ்ச்சிகளுக்குப் பிறகு அவளே விலகிக்கொண்டாள். ஏனென்று கேட்டேன். "காதுல டிக் டிக்னு ஒரு தாளம் ஓடிக்கிட்டே இருக்குப்பா. அதுக்குள்ள எல்லாத்தையும் அடைக்கணும். மூச்சு எடுக்க இடமே இல்லை" என்றாள். அந்தக் குழுவை அவள் குறை சொல்லவில்லை. இன்றும் அவர்கள் நண்பர்கள்தான். அந்த இசைக்கு மூச்சு தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

மற்ற வாய்ப்புகளையும் சொல்கிறேன். ஒரு கம்பெனி விழாவில், விருந்தினர்கள் சாப்பிடும்போது பின்னணியாக சினிமாப் பாட்டு வாசிக்கச் சொன்னார்கள். நடுவில் ஒருவர் வந்து, "கொஞ்சம் மெதுவா வாசிங்க, பேசுறது கேக்கலை" என்றார். ஒரு சபாவில் மதியம் இரண்டு மணிக்கு நேரம் கொடுத்தார்கள். பக்கவாத்தியக்காரர்களைச் சேர்த்து எண்ணினால் அரங்கில் பதினொரு பேர். பக்கவாத்தியச் சம்பளம், டாக்ஸி, ரயில் எல்லாம் போக அந்தக் கச்சேரியில் எங்களுக்கு நஷ்டம். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

2022-இல் ஹைடெக் சிட்டியில் அவளுக்கு வேலை கிடைத்தது. காலையில் போய் இரவு வருவாள். சாதகம் விடியற்காலை நாலரைக்கு. அந்த நேரத்தில்தான் ராமதாஸ் யோசனை வந்தது.

பத்ராசலம் ராமதாஸ், அதாவது கஞ்சர்ல கோபன்னா, பதினேழாம் நூற்றாண்டு வரி வசூல் அதிகாரி. வசூலித்த பணத்தை ராமருக்குக் கோயில் கட்டச் செலவு செய்துவிட்டார். தானீஷா அவரைக் கோல்கொண்டாவில் சிறை வைத்தார்; கோட்டையில் அந்த இடத்தை இன்றும் காட்டுகிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். தியாகராஜர் தம் பாடல்களில் பெயர் சொல்லி நினைக்கும் பெரியவர். அவருடைய ஆறு கீர்த்தனைகளை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றையும் முதலில் யாராவது ஒருவர் பேச்சாகப் படிக்க வேண்டும். ராகம் கூடாது, உருக்கம் கூடாது, கடிதம் படிப்பதுபோல. பிறகு குழல் மட்டும் வாசிக்கும். படித்தவர் எங்கே நிறுத்தினாரோ அங்கேதான் மூச்சு. அதுதான் திட்டம்.

மூன்று மாதம் ஒத்திகை. அம்மம்மா படித்தார். ஒரு பள்ளிக்கூடத் தெலுங்கு ஆசிரியை படித்தார். எங்கள் சந்தில் இஸ்திரி போடுகிறவர் படித்தார். எல்லாவற்றையும் போனில் பதிவு செய்து, சாகித்திய நோட்டில் மூச்சு எடுக்கும் இடங்களைச் சிவப்புப் பென்சிலால் குறித்தாள். இஸ்திரிக்காரர் எந்தப் பாடகரும் நிறுத்தாத இடங்களில் நிறுத்தினார். அவருக்கு ராகம் தெரியாது, அர்த்தம் தெரியும். அவருக்காக ஒரு கீர்த்தனையின் சரணம் முழுவதையும் மறுபடி பழகினாள்.

'இக்ஷ்வாகு குல திலகா' என்று ஒரு கீர்த்தனை. நான் மிகவும் ரசிப்பது. ராமருக்கும் சீதைக்கும் தம்பிகளுக்கும் என்னென்ன நகை செய்தேன், எவ்வளவு வராகன் ஆயிற்று என்று சிறையில் இருந்தபடி வரிசையாகச் சொல்லி, சாமியிடமே கணக்குக் கேட்கிறார். தணிக்கைக்காரன் கேட்டால் எழுந்து நிற்பான். அதை என் மகள் அழகாக, நீண்ட மூச்சில் வாசித்துக் காட்டியபோது அம்மம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "கோபமா இருக்கிறவன் இவ்வளவு நீளமா மூச்சு விடுவானா?" என்று கேட்டார். மூச்சைத் துண்டாக்கி வாசித்தாள். நகைப் பட்டியல் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. அதே ஸ்வரங்கள்தான். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

2024-இல் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் நிகழ்ச்சி நடந்தது. எண்பது மடக்கு நாற்காலிகள், நிறைந்துவிட்டன. தம்புராவும் மிருதங்கமும் தவிர வேறில்லை. இஸ்திரிக்காரர் வெள்ளைச் சட்டை போட்டு, மனைவி மக்களோடு வந்திருந்தார். அவர் படித்து முடித்ததும் குழல் எடுத்தபோது, அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. குழலில் வார்த்தை கேட்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டியதில்லை. கேள்விப்பட்டு ஒரு பள்ளிக்கூடம் அழைத்தது. ஒரு சபாக்காரர், "நல்ல யோசனை, படிக்கிறதை மட்டும் எடுத்துட்டு வழக்கமான கச்சேரியா பண்ணிடலாமே" என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

சென்ற ஜூன் மாதம் வேலையை விடுகிறேன் என்றாள். என் மனைவி ஒரு வாரம் பேசவில்லை. நான் நோட்டை எடுத்து ஒரு பக்கம் மாதச் சம்பளத்தையும் மறுபக்கம் சென்ற வருடக் கச்சேரி வரவையும் எழுதிக் காட்டினேன். பார்த்தாள். "கணக்கு சரியாத்தான் இருக்குப்பா" என்றாள். பிறகு, "ஒரு வருஷம் கொடுங்க. அதுக்கப்புறம் நீங்க என்ன சொல்றீங்களோ" என்றாள். கம்பெனியில் பேசி, ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு வாங்கினாள். என் பென்ஷன் இருக்கிறது. அவளுக்கு நாங்கள் சேர்த்த நகை இருக்கிறது. அதைத் தொட வேண்டி வராது என்று நினைக்கிறேன். தொட வேண்டி வந்தால், செலவு நோட்டில் அதற்கும் ஒரு வரி விட்டு வைத்திருக்கிறேன்.

அவளுடைய அடுத்த நிகழ்ச்சி தமிழில். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள். பண்ணையாள் ஒருவன் சிதம்பரம் போய்வர எஜமானிடம் உத்தரவு கேட்டு நிற்கிற கதை. படிக்கப் போவது நான்தானாம். தினமும் சாப்பாடு முடிந்ததும் எதிரே உட்கார வைத்துப் படிக்கச் சொல்கிறாள். சிவப்புப் பென்சில் அவள் கையில். எனக்கு அறுபத்து நான்கு வயது. பழைய மூச்சு இல்லை. ஒரு வரியில் இரண்டு இடத்தில் நின்றுவிடுகிறேன். "இங்கே நிறுத்தக் கூடாது, திரும்பப் படிக்கிறேன்" என்றேன் நேற்று. "வேண்டாம்பா, உத்தரவு கேக்கறவன் அங்கே நிப்பான்" என்று சொல்லி, அந்த இடத்திலும் ஒரு கோடு போட்டுக்கொண்டாள்.